யெல்லோஸ்டோன்: எட்டுப் போட்ட சாலையில் மூன்று நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனால் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்வார்கள் இல்லையா, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் காரில் போகிறவர்களும் ஓர் எட்டுப் போட்டாக வேண்டும். பூங்காவின் முக்கியச் சாலை அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. மொத்த நீளம் 228 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். இந்தப் பயணத்தைக் கெடுக்கிற முதல் தப்புக்கணக்கு அதுதான்.

1872-ல் உருவான பூங்கா இது. கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில், ஓரங்கள் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கோடையின் நாலைந்து மாதங்களில், இந்த ஒரே சாலையில். வேக வரம்பு மணிக்கு 72 கிலோமீட்டர். வளைவுகளில் அதுவும் கிடையாது. நடுவில் பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமை மந்தை சாலையைக் கடந்தால் அரை மணி நேரம் போயே போச்சு. ஆகவே இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், மணிக்கணக்கில் அளங்கள். கூகுள் வரைபடம் காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொண்டால் ஏறக்குறைய சரியாக வரும்.

எட்டுக்கு மேல் வளையம் ஒன்று, கீழ் வளையம் ஒன்று. மேல் வளையம் சுமார் 113 கிலோமீட்டர், கீழ் வளையம் சுமார் 154; நடுச்சாலை இரண்டுக்கும் பொது என்பதால் இரண்டிலும் சேர்கிறது. கீழ் வளையத்தில்தான் வெந்நீர் பீறிடும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்று, கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற வண்ணக் குளம், யெல்லோஸ்டோன் ஏரி, பெரிய பள்ளத்தாக்கின் அருவிகள் எல்லாம். ஓநாய், கரடி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு மேல் வளையத்தின் வடகிழக்கில் லாமர் பள்ளத்தாக்கு. இங்கிருந்து அழிந்துபோன ஓநாய்களை 1995-லும் 96-லும் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று தொலைநோக்கியோடு விடியற்காலையில் ஒரு கூட்டமே சாலையோரம் நிற்கும்.

அந்த விடியற்காலைதான் தங்குமிடத்தைத் தீர்மானிக்க வேண்டும். மேற்கு வாசலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் அறை எடுத்துவிட்டு லாமருக்குப் போவது என்றால் இரண்டரை மூன்று மணி நேரம். ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், எப்போது கிளம்புவது? எனவே மூன்று இரவு இருந்தால் இரண்டாகப் பிரியுங்கள்: இரண்டு இரவு மேற்குப் பக்கமோ ஓல்ட் ஃபெய்த்ஃபுல் அருகிலோ, ஓர் இரவு வடக்கு வாசலில் கார்டினர் ஊரில். கார்டினரிலிருந்து லாமர் ஒரு மணி நேரம்தான். கிழக்கே கோடி (Cody) என்ற ஊரில் அறை மலிவாகக் கிடைத்தால் மயங்கிவிடாதீர்கள். அங்கிருந்து பூங்கா வாசலுக்கே 80 கிலோமீட்டருக்கு மேல். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பத் தொடங்கும். பயணம் உறுதியானதும் முதலில் அதை முன்பதிவு செய்துவிட்டு, விமான டிக்கெட்டை அப்புறம் வாங்குவது புத்திசாலித்தனம்.

கட்டணம்: ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும். ஆனால் 2026 முதல், அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் ஆனால், ஆளுக்கு 100 டாலர் கூடுதல். பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பருவம் பற்றிச் சுருக்கமாக. கார்டினரிலிருந்து வடகிழக்கு வாசல் வரையுள்ள சாலை மட்டும்தான் ஆண்டு முழுக்கக் கார்களுக்குத் திறந்திருக்கும். மற்றவை நவம்பர் தொடக்கத்தில் மூடி, ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை ஒவ்வொன்றாகத் திறக்கும். ஜூலையில் கூட்டம் உச்சம். பள்ளி விடுமுறைக் கட்டாயம் இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை செப்டம்பர் முதல் மூன்று வாரம். எந்த மாதம் போனாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். பூங்காவின் பெரும்பகுதி 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனில் பனி விழுந்தால் அங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. உயரம் பழகாதவர்களுக்கு முதல் நாள் தலைவலியும் மூச்சு வாங்கலும் வரலாம். தண்ணீர் நிறையக் குடித்து, நீண்ட நடையை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

இனி வெந்நீர் ஊற்றுகள். நம் குளியலறையில் இருக்கும் கீசருக்குப் பெயர் கொடுத்தவையே இந்தப் பீறிடும் ஊற்றுகள்தான். யெல்லோஸ்டோனில் பீறிடுபவை மட்டும் 500-க்கு மேல். கொதிகுளம், சேற்றுக்குழம்பு, ஆவித்துளை எல்லாம் சேர்த்தால் 10,000-க்கு மேல். விபத்து என்றதும் எல்லோரும் கரடியை நினைக்கிறார்கள். இந்த ஊற்றுகளில் வெந்து இறந்தவர்களோ இருபது பேருக்கு மேல்.

ஏன் என்று சற்று அருகில் போய்ப் பார்ப்போம். பலகை நடைபாதையின் ஓரத்தில் தெரியும் வெள்ளைத் தரை, காய்ந்த களர்நிலம் போல் கெட்டியாகத்தான் தோன்றும். ஆனால் அது மண் இல்லை. ஊற்று நீரில் கரைந்து வந்த சிலிக்கா படிந்து படிந்து உண்டான ஓடு. சில இடங்களில் அப்பளம் மாதிரி மெல்லிசு. அதற்கு அடியில் கொதிக்கிற தண்ணீர். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதனால் சூடு குறைவுதானே என்று நினைக்க வேண்டாம். தோலுக்கு 93-க்கும் 100-க்கும் வித்தியாசம் தெரியாது. எந்த இடத்தில் ஓடு தாங்கும், எந்த இடத்தில் உடையும் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பைசன் நடந்த தடம் இருக்கிறதே என்று பின்தொடர்வதும் தவறு. பைசனும் விழுந்து வெந்திருக்கிறது.

விழுந்தவர்களில் வேண்டுமென்றே சாகசம் செய்தவர்கள் ஒரு பங்குதான். 1981-ல் ஓர் இளைஞர் இறந்தது, கொதிகுளத்தில் பாய்ந்துவிட்ட நண்பரின் நாயைக் காப்பாற்றக் குதித்ததால். நாய்களைப் பலகைப் பாதைக்கே அழைத்துவரக் கூடாது என்ற விதி காரணமில்லாமல் இல்லை. இன்னும் சாதாரணமான விஷயம் தொப்பி. இந்த வெளிகளில் காற்று சட்டென்று அடிக்கும். தொப்பி பறந்து ஆறடி தள்ளி வெள்ளைத் தரையில் விழும். கை தானாக நீளும், கால் இறங்கும். தொப்பிக்குக் கழுத்துக் கயிறு போடுங்கள். அப்படியும் பறந்தால் அது போனது போனதுதான். சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள். பல இடங்களில் பலகைக்குக் கைப்பிடிக் கம்பி கிடையாது, ஆவி மூடினால் இரண்டு எட்டுக்கு அப்பால் எதுவும் தெரியாது. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் ஆவி விலகும்வரை நின்ற இடத்திலேயே நில்லுங்கள். காசு எறியவும் கூடாது. மார்னிங் குளோரி என்ற நீலக் குளத்தில் ஆண்டுக்கணக்காகக் காசும் குப்பையும் எறிந்து துளை அடைபட்டு, சூடு குறைந்து, ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக மாறிவிட்டது.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் எப்போது பீறிடும் என்று பத்து நிமிடம் முன்பின்னாகக் கணித்து அறிவிப்பார்கள். சராசரி இடைவெளி சுமார் ஒன்றரை மணி நேரம். முந்தைய பீறிடல் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்திருந்தால் அடுத்தது சீக்கிரம் வரும், நீண்டிருந்தால் தாமதமாகும். நிலத்தடி நீரறை எவ்வளவு காலியானதோ அவ்வளவு நேரம் திரும்ப நிரம்பிச் சூடாக வேண்டும், விஷயம் அவ்வளவுதான். பார்த்து முடிந்த மறுநொடி மொத்தக் கூட்டமும் வண்டி நிறுத்தத்துக்கு ஓடும். நீங்கள் எதிர்ப்பக்கம் நடங்கள். மார்னிங் குளோரி வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர், வழியெல்லாம் ஊற்றுகள்.

வண்டி நிறுத்த இடம் காலை பத்திலிருந்து மாலை நாலு வரை பிரபலமான எல்லா இடங்களிலும் நிரம்பி வழியும். சீக்கிரம் போவதே பொது விதி. கிராண்ட் பிரிஸ்மாட்டிக் மட்டும் விதிவிலக்கு. 110 மீட்டர் அகலமுள்ள அந்த வண்ணக் குளத்தைக் காலைக் குளிரில் போய்ப் பார்த்தால் வெறும் ஆவிதான் தெரியும். காற்று சூடேறிய பிறகுதான் ஆவி மெலிந்து, நீலமும் ஆரஞ்சும் வெளிப்படும். பலகைப் பாதையில் நின்றால் முழு வட்டமும் கண்ணில் படாது. தெற்கே ஃபேரி ஃபால்ஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து மேட்டுக்கு ஏறுங்கள். ஜூன், ஜூலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலை ஐந்துக்குப் போனால் இடமும் கிடைக்கும், நிறமும் கிடைக்கும்.

விலங்குகளுக்கு வருவோம். கரடி, ஓநாய், மலைச்சிங்கம் என்றால் 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பைசன், எல்க் மான் உள்ளிட்ட மற்ற எல்லாவற்றுக்கும் 23 மீட்டர், அதாவது இரண்டு பேருந்து நீளம். இது சட்டம். விலங்கு தானாக உங்களை நோக்கி வந்தாலும் பின்வாங்க வேண்டியது நீங்கள்தான். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விலங்கு முழுவதும் விரலுக்குள் மறையவில்லை என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

யெல்லோஸ்டோனில் அதிகம் பேரைக் காயப்படுத்தும் விலங்கு பைசன்தான். 900 கிலோ வரை எடை, நம்மைவிட மூன்று மடங்கு வேகம். புல்வெளியில் மாடு மாதிரி அசையாமல் மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துத்தான் படம் எடுக்கப் பக்கத்தில் போகிறார்கள். வாலைப் பாருங்கள். தொங்கி ஆடிக்கொண்டிருந்தால் அமைதி. விறைத்து மேலே நின்றால், தலையை ஆட்டினால், காலால் தரையைக் கீறினால் பாய்ச்சலுக்கு அறிகுறி; உடனே விலகுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இணை சேரும் காலம், அப்போது இன்னும் முன்கோபம். கன்றைத் தொட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் ஆற்றங்கரையில் தவித்த ஒரு கன்றை ஒருவர் நல்லெண்ணத்தில் தூக்கிவிட்டார். மந்தை அதை ஏற்கவில்லை. அது சாலைக்கு வந்து கார்களின் பின்னால் ஓட ஆரம்பித்தது. கடைசியில் பூங்கா ஊழியர்களே அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. உதவியவருக்கு அபராதம்.

கார் ஓட்டுகிறவர் விலங்கைப் பார்த்ததும் நடுச்சாலையில் பிரேக் போடுவது அங்கே தினசரித் தொல்லை. நான்கு சக்கரமும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போகும்படி ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். நல்ல பைனாகுலர் ஒன்று இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. கேமராவைவிட அதற்குச் செலவழிப்பதையே நான் சொல்வேன்.

சாலையை விட்டு நடைபாதையில் இறங்கினால் மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள். பேசிக்கொண்டே போங்கள், திருப்பங்களில் கைதட்டிக் குரல் கொடுங்கள். கரடிக்கு முன்கூட்டியே தெரிந்தால் அதுவே விலகிவிடும். ஆளுக்கொரு கரடி ஸ்ப்ரே வேண்டும். மிளகாய்க் காரத்தை அழுத்தி அடைத்த குப்பி அது. விமானத்தில், கைப்பையிலும் சரி பெட்டியிலும் சரி, அனுமதி இல்லை; அங்கே போய் வாங்க வேண்டும். முதுகுப்பைக்குள் போட்டுவிட்டால் வாங்கியதற்குப் பொருளில்லை. இடுப்பிலோ மார்பு வாரிலோ, இரண்டு நொடியில் கை போகும் இடத்தில் இருக்கட்டும். கிளம்பும் முன் பாதுகாப்புக் கிளிப்பைக் கட்டைவிரலால் தள்ளி எடுப்பதை நாலு முறை பழகுங்கள், குப்பியை அழுத்தாமல். கரடி பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது. 10 முதல் 18 மீட்டருக்குள் வரும்போது, முனையைச் சற்றுக் கீழே சாய்த்து அடியுங்கள். உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு காரமேகம் நிற்க வேண்டும், நோக்கம் அதுதான். கொசு மருந்து போல உடம்பிலோ கூடாரத்திலோ அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எரிச்சல்தான் மிஞ்சும், காய்ந்த காரவாடை கரடியை ஈர்க்கவும் கூடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் குப்பி வெடிக்கலாம். சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டு அகலாதீர்கள், ஐந்து நிமிடம்கூட.

ஏரியைப் பார்த்ததும் குளிக்கத் தோன்றும். தண்ணீரின் சராசரி வெப்பம் 5 டிகிரி. விழுந்தால் அரை மணி நேரம் தாங்குவதே கடினம். படகில் போனால் உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். இடி கேட்டால் கரைக்கும் காருக்கும் திரும்பிவிடுங்கள். பிற்பகல் மின்னல் கோடையில் சகஜம்.

பூங்காவின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் இருக்காது. தேசியப் பூங்காத் துறையின் செயலியை விடுதி வைஃபையிலேயே இறக்கி, யெல்லோஸ்டோன் பகுதியை இணையம் இல்லாமலும் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். குழுவில் இரண்டு கார் இருந்தால், பிரிந்துபோனால் எந்த இடத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று காலையிலேயே பேசி வையுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும் முன் நிரப்புங்கள்.

கிளம்பும் நாளன்று காலையில் சாலை நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2022 ஜூனில் வெள்ளம் வந்து வடக்குச் சாலையை அறுத்துக்கொண்டு போனது, பூங்காவிலிருந்த எல்லோரையும் வெளியேற்றினார்கள். 2024 ஜூலையில் பிஸ்கட் பேசின் என்ற இடத்தில் நிலத்தடி நீராவி வெடித்துப் பலகைப் பாதையே சிதறியது. எந்தச் சாலை, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று வாசலில் வரைபடம் தரும் பூங்காக் காவலரான ரேஞ்சரையும் கேளுங்கள். தினமும் அங்கேயே நிற்பவர்கள் என்பதால், நேற்று கரடி எந்தப் பக்கம் தென்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.