இன்னொரு நூறு அடி

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மக்களுக்கு வெறுத்துப்போன ஒரு போரை, அதை நடத்தும் தலைவர்கள் ஏன் நிறுத்த முடியாமல் வருடக்கணக்கில் இழுக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் சித்தப்பாவின் தோட்டம்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் திருச்செங்கோடு. எங்கள் பக்கத்தில் 'போர் போடுறது' என்று சொன்னால் யாருக்கும் துப்பாக்கி ஞாபகம் வராது. அந்த வருடம் கிணறு வற்றித் தென்னை காய ஆரம்பித்தது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர் 300 அடிக்குள் தண்ணீர் என்றார். சாயங்காலம் வண்டி வந்தது. 300 அடியில் வெறும் புழுதி. 400 அடியிலும் புழுதி. ஆழம் கூடக் கூட ஒரு அடிக்கு ஆகும் கூலியும் ஏறும். நூறு அடிக்கு ஒருமுறை வண்டிக்காரர் வந்து கேட்பார். சித்தப்பா ஒன்றையே சொன்னார்: "இத்தன தூரம் போயாச்சு. இன்னொரு நூறு அடி பாத்தரலாம்." சித்தி ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "போதுமுங்க" என்று இரண்டு தடவை சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. விடியும்போது 860 அடி. கையில் இருந்த பணமும் எருமை விற்ற பணமும் தீர்ந்த பிறகுதான் சித்தப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

அவர் விவரம் தெரியாதவர் அல்ல. 500 அடியிலேயே தண்ணீர் இல்லை என்று தெரிந்துவிட்டதாகப் பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் போட்ட பணம் வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். நிறுத்திவிட்டால் வீண்தான் என்று ஊருக்கு முன்னால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, இப்போது வாஷிங்டனுக்கு வருவோம். 1964 மே 27. தென் வியட்நாம் கம்யூனிஸ்டு வட வியட்நாமின் கைக்குப் போய்விடக் கூடாது என்று அமெரிக்கா அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த காலம். அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் தன் ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியோடு தொலைபேசியில் பேசுகிறார். அந்தப் பேச்சு ஒலிநாடாவில் பதிவாகி இன்றைக்கும் இருக்கிறது. வியட்நாம் சண்டை போடத் தகுந்த இடம் என்று தனக்குத் தோன்றவில்லை என்கிறார். அதிலிருந்து வெளியே வரவும் முடியாது என்று நினைப்பதாக, அதே மூச்சில் சொல்கிறார். அமெரிக்காவின் பெரிய படைகள் அங்கே அப்போது இறங்கியிருக்கவே இல்லை. அடுத்த மார்ச்சில்தான் டா நாங் கடற்கரையில் கடற்படைக் காலாட்கள் இறங்கினார்கள். நான்கு வருடத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் ஆனது. முதல் பெரிய படை இறங்குவதற்கு முன்பே மனசுக்குள் வேண்டாம் என்று தோன்றிய மனிதர், அத்தனை பேரையும் அனுப்பினார்.

ஏன்? 1949-ல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனபோது, "சீனாவைத் தொலைத்தவர்கள்" என்று ஜான்சனின் கட்சியை எதிர்க்கட்சி வருடக்கணக்கில் அடித்தது. வியட்நாமைத் தொலைத்தவர் என்ற பேர் தனக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. கறுப்பின மக்களின் உரிமைச் சட்டம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடு என்று உள்நாட்டில் அவர் செய்தவை பெரிய காரியங்கள். கோழை என்ற பேர் விழுந்தால் அவையும் கவிழும் என்று நினைத்தார். அந்தப் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மன்னிக்க முடியவில்லை.

1965 மார்ச்சில் அவருடைய பாதுகாப்புத் துறையில் ஜான் மக்நாட்டன் என்ற அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். வியட்நாமில் நாம் எதற்காக நிற்கிறோம் என்பதற்குச் சதவீதம் போட்டுக் காட்டியிருந்தார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70 சதவீதம். சீனாவின் கைக்குப் போகாமல் தடுக்க 20 சதவீதம். அந்த நாட்டு மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்க்கை வாழ வேண்டும் என்பதற்கு 10 சதவீதம். 1971-ல் பென்டகன் ஆவணங்கள், அதாவது அந்தத் துறையின் ரகசியக் காகிதங்கள், வெளியே வந்தபோதுதான் மக்கள் இதைப் படித்தார்கள். இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஜான்சனின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்நமாராவுக்கும் தெரியும். இதே வழியில் போவது வீண் என்று 1967 நவம்பரில் ஜான்சனுக்கு எழுதிக் கொடுத்தார். அவரை உலக வங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். போனவர் வெளியே வாய் திறக்கவில்லை. தாங்கள் செய்தது பெரிய தவறு என்று அவர் புத்தகம் எழுதியது 1995-ல். அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்கவே முடிவதில்லை. 1968-ல் அவர் ஊரறியச் சொல்லியிருந்தால் எத்தனை வீட்டில் விளக்கு எரிந்திருக்கும்.

1968 ஜனவரி கடைசியில், வியட்நாமியப் புத்தாண்டான டெட் நாளில், கம்யூனிஸ்டுப் படைகள் தென் வியட்நாம் முழுக்க ஒரே சமயத்தில் தாக்கின. வெற்றி பக்கத்தில் வந்துவிட்டது என்று அதுவரை சொல்லிவந்த அமெரிக்கத் தளபதிகள், இன்னும் 2,06,000 பேர் வேண்டும் என்று கேட்டார்கள். இன்னொரு நூறு அடி! புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அமைச்சர் கிளார்க் கிளிஃபோர்டு போருக்கு ஆதரவானவர்தான். ஆனால் அவர் எளிய கேள்விகளைக் கேட்டார். இத்தனை பேரை அனுப்பினால் போதுமா? போதாவிட்டால் இன்னும் எத்தனை பேர்? எப்போது முடியும்? தளபதிகள் யாரிடமும் பதில் இல்லை. அங்கேதான் அவர் மனம் மாறினார். மார்ச் 31 இரவு ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, குண்டுவீச்சைக் குறைப்பதாகவும், தான் மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. பாரிஸில் பேச்சுவார்த்தை தொடங்கியது. அப்புறம் மேசை என்ன வடிவத்தில் இருக்க வேண்டும், யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதிலேயே வாரக்கணக்கில் சண்டை. வட்ட மேசை ஒன்று, பக்கத்தில் சின்னச் சின்னதாக இரண்டு நீள்சதுர மேசைகள் என்று 1969 ஜனவரியில்தான் ஒத்துக்கொண்டார்கள். அந்த வாரங்களிலும் இரண்டு பக்கத்திலும் பிணங்கள் விழுந்துகொண்டிருந்தன. அடுத்து வந்த நிக்சன் 'கௌரவமான அமைதி' என்று சொல்லி இன்னும் நான்கு வருடம் எடுத்துக்கொண்டார். அந்தக் கௌரவத்துக்காக மேலும் 20,000 அமெரிக்கர்களுக்கு மேல் செத்தார்கள். மொத்தம் 58,000-க்கு மேல். வியட்நாமில் செத்தவர்கள் பல லட்சம். அந்த நாட்டு அரசு 1995-ல் வெளியிட்ட கணக்கில் பொதுமக்கள் மட்டும் 20 லட்சம் பேர்.

சித்தப்பா ஏன் நிறுத்தினார்? அவர் பை காலியானது. ஒவ்வொரு அடிக்கும் பணம் அவர் மடியிலிருந்து போனது. போரில் அப்படி இல்லையே. இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று சொல்கிறவர் ஒருவர், அந்த வருடத்தைக் கொடுக்கிறவர் வேறு ஒருவர். கல்லூரியில் படித்தவனுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து தள்ளிவைப்பு கிடைத்தது. படிக்க வசதியில்லாதவன் வீட்டுக்கு ஓலை வந்தது.

முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அல்ஜீரியாவைக் கைவிடவே மாட்டார் என்று நம்பியவர்கள்தான் 1958-ல் பிரான்ஸில் டி கோலை ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள். அவரோ அல்ஜீரியர்களே தங்கள் விதியைத் தீர்மானிக்கட்டும் என்றார். 1961-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். சொந்தத் தளபதிகளே கலகம் செய்தார்கள், அசையவில்லை. 1962 மார்ச்சில் சண்டை நின்றது. அல்ஜீரியாவை விட்டது பொறுக்காதவர்கள் ஆகஸ்டில் அவர் காரைச் சுட்டுத் துளைத்தார்கள். உயிர் தப்பினார். அவருக்கும் நான்கு வருடம் ஆனது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் போரை நிறுத்தும் விலையில் ஒரு பங்கைத் தன் தலைமேல் ஏற்றிக்கொள்ளத் துணிந்தார்.

நமக்குக் கிட்டத்திலும் ஒன்று நடந்தது. 1987 ஜூலையில் அமைதி காக்க இலங்கைக்குப் போன இந்தியப் படை அக்டோபரில் சண்டைக்குள் இறங்கியது. 1989 ஜூனில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவே வெளியேறச் சொன்னார். டெல்லியில் ஆட்சி மாறி, கடைசி வீரன் கப்பலேறியபோது 1990 மார்ச் 24. ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் வீரர்கள் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் செத்த நம் மொழிக்காரர்களின் வீடுகளில் அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

1971 ஏப்ரலில், வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பிய ஜான் கெர்ரி என்ற இளைஞர் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று கேட்டார்.  நான்கு வருடம் கழித்து, 1975 ஏப்ரல் 29 விடியற்காலை, தென் வியட்நாமின் தலைநகரான சைகோனின் விமான நிலையத்தில் ஒரு ராக்கெட் விழுந்து இரண்டு பையன்கள் செத்தார்கள். ஒருவனுக்கு 21 வயது, இன்னொருவனுக்கு 19. வியட்நாம் மண்ணில் போரில் இறந்த கடைசி அமெரிக்க வீரர்கள் அவர்கள். மறுநாள் சைகோன் வீழ்ந்தது. அவசர அவசரமாகக் கிளம்பியதில் அவர்கள் உடல்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவை வீடு வந்து சேர்ந்தது அடுத்த வருடம்.

வணக்கம்.