பெருக்கல் போடும் மரக்கட்டை! 400 வருஷப் பழைய கன்டர் ஸ்கேல்

[திரையில்: ஒரு மர ஸ்கேல், பக்கத்தில் கவராயம்]

இந்த ஸ்கேல்ல 1-க்கும் 2-க்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு பாருங்க. இப்ப 9-க்கும் 10-க்கும் நடுவுல பாருங்க. ஆறு மடங்குக்கு மேல சுருங்கிடுச்சு! வேணும்னேதான் இப்படிக் கோடு போட்டிருக்காங்க. ஏன்னா இது பெருக்கல் கணக்குப் போடும்.

வணக்கம் மக்களே! வரலாற்றைச் சட்டுனு முடிச்சிடுறேன். 1614-ல ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் மடக்கை (லாகரிதம்) அட்டவணையை வெளியிட்டாரு. பெருக்கலைக் கூட்டலா மாத்துற வித்தை அது. லண்டன் கிரெஷாம் கல்லூரி வானியல் பேராசிரியர் எட்மண்ட் கன்டர், 1620-கள்ல அதை ஒரு கோடாவே இழுத்துட்டாரு.

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கோடு 10 அங்குலம்னு வச்சுக்குவோம். இடது ஓரத்துல பூஜ்ஜியம் கிடையாது, 1. வலது ஓரம் 10. 2 எங்க வரும்? 3.01 அங்குலத்துல. 3 எங்க? 4.77-ல. ரெண்டு நீளத்தையும் கூட்டுங்க, 7.78. அங்க என்ன எண் இருக்கு தெரியுமா? 6!

[திரையில்: கவராயம் கோட்டின் மேல் நகர்கிறது]

கவராயத்தோட ஒரு காலை 1-லயும் இன்னொரு காலை 2-லயும் வைங்க. விரிப்பைக் கலைக்காம தூக்கி, இடது காலை 3-ல வைங்க. வலது கால் 6-ல நிக்கும். 4-ல வச்சா 8. வகுக்கணுமா? வலது காலை 8-ல வைங்க, இடது கால் 4-ஐக் காட்டும்.

ஆடுற கப்பல்ல அட்டவணையைப் புரட்டிக் கூட்டிக்கிட்டு இருக்க முடியுமா? கோணக் கணக்குக்கான சைன், டேன்ஜென்ட் கோடுகளும் இதே ரெண்டடிக் கட்டையில இருந்துச்சு. அதனால 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் மாலுமிகள் இதைக் கைவிடலை.

பிறகு இங்கிலாந்துக் கணித அறிஞர் வில்லியம் ஆட்ரெட் ரெண்டு கோடுகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சு நகர்த்தினாரு, கவராயமே இல்லாம கணக்குப் போடுற ஸ்லைடு ரூல் வந்துச்சு. புகழும் அவருக்கே போச்சு. என்னைக் கேட்டா, எண்ணை நீளமா மாத்தின கன்டர்தான் பெரிய ஆளு.

இன்னொரு சமாச்சாரம். நிலம் அளக்கிற சங்கிலியும் கன்டரோடதுதான்: 66 அடி, 100 கண்ணி. 66 அடின்னா 22 கஜம், அப்படியே கிரிக்கெட் பிட்ச் நீளம்! 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்போ நீங்க மனை வாங்கும்போது பேசுற ஒரு சென்ட்? சரியா 1000 சதுரக் கண்ணி.

இப்பவே ஒரு பேப்பர்ல 10 செ.மீ. கோடு போடுங்க. தொடக்கத்துல 1, 3.0-ல 2, 4.8-ல 3, 6.0-ல 4, 7.8-ல 6, 9.0-ல 8, கடைசியில 10. கவராயம் எடுத்து 2-ஐ 4-ஆல பெருக்கிப் பாருங்க. எந்தக் கோட்டுல நின்னுச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.