பிறந்தநாள் உண்டு, பத்திரம் இல்லை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஓய்வில்லாப் பணிகளுக்கிடையே வந்து ஒரு மணி நேரம் வாழ்த்திப் பேசிய மாமன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடைகளை மொத்த விலைக்கு வாங்கித் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் மூத்த குடிமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்னை நாளையொட்டி நகரத்தின் பிறந்தநாள், அதற்கும் முந்தைய ஊர்கள், 1996இல் நடந்த பெயர் மாற்றம் ஆகிய மூன்றைப் பற்றியும் பேச எண்ணியுள்ளேன். "தேரோடு போச்சு திருநாள், தாயோடு போச்சு பிறந்தகம்" என்பார்கள். 2004 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் இந்தத் தேரை இழுக்கிறோம்; செப்டம்பரில் வடத்தைக்கூடத் தேட வேண்டியிருக்கிறது.

1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, இப்பகுதியை ஆண்டுவந்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் மதராசபட்டினத்துக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவருக்கு இடமளித்தார் என்று கொண்டாடுகிறோம். ஆனால், அதற்கான சாசனத்தின் நகலில் ஜூலை 22 என்றும் தேதி காணப்படுகிறது. டே இங்கு வந்திறங்கியதோ ஜூலை 27. வாங்குபவர் ஊருக்குள் வருமுன்பே பத்திரம் எழுதப்படுவது நமக்குப் புதிதன்று என்றாலும், வரலாற்றாசிரியர்கள் கூச்சப்பட்டு மாதத்தை ஆகஸ்டாகத் திருத்திக்கொண்டார்கள்.

டே இந்த மணல்வெளியை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு, சாந்தோமில் அவருக்கு வேண்டிய அம்மையார் ஒருவர் இருந்தார் என்று பழைய வதந்தி ஒன்று உண்டு. மேடையில் பெண்கள் அமர்ந்திருப்பதால் விவரிக்க மாட்டேன். விவரம் எனக்கும் தெரியாது. அங்கே எழுந்த புனித ஜார்ஜ் கோட்டையின் கதை அதைவிடச் சுவையானது. கோட்டை கட்டும் செலவு நாயக்கருடையது என்று நம்பித்தான் டேயும் அவருடைய மேலாளர் ஆண்ட்ரூ கோகனும் 1640 பிப்ரவரியில் ஆட்களோடும் மூட்டை முடிச்சோடும் வந்து இறங்கினார்கள். நாயக்கரோ, "அப்படி நான் எங்கே சொன்னேன்?" என்ற தோரணையில் கைவிரித்துவிட்டார். லண்டனில் இருந்த முதலாளிகளுக்குச் செலவு என்றாலே காய்ச்சல். கடைசியில், கட்டுமானப் பணத்துக்கான வட்டியைத் தாமே தருவதாக டே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் அன்பர்கள் சிரிப்பதைப் பார்க்கிறேன். இந்த நகரத்தின் முதல் கடன்காரர் அவர்தான் என்று ஆறுதல் கொள்ளுங்கள்.

இவ்வளவு குழப்பமும் ஒரு காகிதத்தால் வந்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில், கம்பெனி வருவதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய பல்லவன் தந்திவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. கல்லில் வெட்டியதால் தந்திவர்மன் பிழைத்தான். நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் கிரயப் பத்திரங்களும் வாடகைச் சீட்டுகளும் கல்யாணப் பத்திரிகைகளும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஆகஸ்டில் பாரம்பரிய நடை நடந்து, வீடு திரும்பி, தாத்தாவின் கணக்குப் புத்தகத்தைக் கிலோ கணக்கில் போடுகிறவர்களுக்குத்தான் தேரோடு போச்சு திருநாள் என்று மீண்டும் சொல்கிறேன்.

நேரம் முடிந்ததென்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தேதியிடாத அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துகிறேன். பெயர் மாற்றத்தைப் பேச இன்று வழியில்லை. இந்தப் படிப்பகத்தின் முன்னறையில் வரும் ஞாயிறு முதல், வாரந்தோறும் காலையில், பழைய காகிதங்களைப் படமெடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம். மூலத்தை நாங்கள் வாங்கிக்கொள்ள மாட்டோம். எடுத்து முடித்ததும் உங்கள் கையிலேயே தந்துவிடுவோம். தேநீர் மேசைக்கருகே பெயர் எழுதும் ஏடு இருக்கிறது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்திடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.