பாட்டியை யார் பார்த்துக்கொள்வது?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். பைத்தான் என்ற நிரல்மொழியிலிருந்து, அதனுடனேயே வந்த ஆயத்த நிரல் துண்டுகளான பழைய மாட்யூல்களை நீக்கியது சரியே. இதுதான் எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரே கேள்வியில் கைதட்டலை அள்ளினார். "வயதாகிவிட்டது என்று பாட்டியை வீட்டைவிட்டு அனுப்புவீர்களா?" 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 பதிப்பில் 19 மாட்யூல்களை எடுத்துவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். பாட்டியிடம் வருகிறேன் ஐயா. முதலில் என் நண்பர் கதை.

நண்பர் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறார். அங்கே தினமும் இரவில் பைத்தானில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், ஓடும். கணினிகளை இணைக்கிற ஸ்விட்ச் கருவிகளில் ஒவ்வொன்றாக உள்ளே போய் அதன் அமைப்புகளை நகலெடுத்து வைக்கும். யார் எழுதியது? வேலையை விட்டுப் போனவர். எப்போது? யாருக்கும் தெரியாது. ஓடுகிறது, அவ்வளவுதான். ஒருநாள் சர்வரில் பைத்தானை 3.13-க்கு மாற்றினார்கள். மறுநாள் காலை நகல் இல்லை. டெல்நெட்லிப் என்று ஒரு மாட்யூலே இல்லை என்கிறது திரை. நண்பருக்கு வந்ததே கோபம்! என்னைக் கூப்பிட்டு, பைத்தான்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். எல்லாம் முடிந்ததும், அந்த ஸ்கிரிப்ட்டைத் திறந்து படியுங்கள் என்றேன். படித்தார். போனில் பேச்சே இல்லை.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள், இனிதான் விஷயமே. டெல்நெட் என்பது தூரத்துக் கருவிக்குள் நுழைகிற பழைய வழி; அதற்கான மாட்யூல்தான் டெல்நெட்லிப். டெல்நெட் எதையும் மறைத்து அனுப்பாது. கடவுச்சொல்லைக்கூட எழுத்துக்கு எழுத்து அப்படியே அனுப்பும். ஒவ்வொரு இரவும், ஒவ்வொரு ஸ்விட்சுக்கும், நிர்வாகியின் கடவுச்சொல் வழியில் ஒட்டுக்கேட்பவர் யாரும் படிக்கிற மாதிரி போய்க்கொண்டே இருந்திருக்கிறது! மாட்யூல் இருந்திருந்தால் இன்று இரவும் போயிருக்கும். அதே வாரம், எல்லாவற்றையும் மறைத்து அனுப்புகிற எஸ்எஸ்எச்-க்கு மாறினார்கள்.

சொல்லாமலா எடுத்தார்கள்? 2022-இல் வந்த 3.11-இலிருந்தே எச்சரிக்கை வந்தது. அது யாரும் திறக்காத லாக் ஃபைலில் போய் விழுந்தது.

சரி, பாட்டி. பாட்டி தெருவில் நிற்கவில்லை ஐயா. நீக்கியவற்றில் ஒன்று சிஜிஐ, இணையதளச் சர்வரில் நிரல்களை ஓட்டுகிற பழைய முறைக்கான மாட்யூல். அது இல்லாமல் முடியாது என்பவர்களுக்காக அதே மாட்யூலைச் சிலர் 'லெகசி சிஜிஐ' என்று தனித் தொகுப்பாக வைத்திருக்கிறார்கள். பைத்தான் தொகுப்புகளை நிறுவுகிற 'பிப்' கட்டளையைப் போட்டால் வந்துவிடும். பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தவர் வீட்டில் பாட்டி சௌக்கியமாக இருக்கிறார். பாட்டி, பாட்டி என்று இங்கே உருகுகிறீர்களே, என்றாவது மருந்து வாங்கிக் கொடுத்தீர்களா? அந்த 19 மாட்யூல்களில் ஒன்றுக்காவது ஒரு பிழைதிருத்தம் அனுப்பினீர்களா?

அனுப்பியவர்கள் யார் தெரியுமா? பைத்தானைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை. பிள்ளைகள் தூங்கியபின் கணினி முன் உட்கார்கிறார்கள். அந்நேரத்தில், தான் கண்ணால் பார்த்திராத பழைய சன் கணினியின் ஆடியோ கோப்பைப் படிக்கிற மாட்யூலில் பிழை என்று ஒரு புகார் வருகிறது. அந்த மாட்யூலை எழுதியவர் எப்போதோ விலகிவிட்டார். கோபமாகப் புகார் எழுதுகிற நமக்கு, இப்படித் தூங்காமல் உட்கார்ந்திருப்பவர் பெயர்கூடத் தெரியாது. அவரும் ஒரு வீட்டின் பிள்ளைதானே? அவருக்கும் ஒரு பாட்டி இருப்பாரே! இந்தப் பிள்ளை இன்று சீக்கிரம் தூங்கட்டும் என்று தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.