ஸிப்பை மறுபடி ஸிப் செய்தால் குறையுமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “வற்றாப்பளைப் பொங்கலில் எடுத்த படங்களையும் வீடியோவையும் கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப ஸிப் செய்தேன். 1.8 ஜிபி அப்படியே 1.8 ஜிபிதான். அந்த ஸிப்பை இன்னொரு தரம் ஸிப் செய்தேன், அசையவில்லை. மென்பொருளில் பிழையா?”

பிழை இல்லை. ஸிப் என்பது பைல்களை இறுக்கி ஒரே கட்டாக்கும் முறை. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயப்போட்டால் ஒடியலாகிப் பாரம் குறையும். அந்த ஒடியலை மறுபடி வெயிலில் போட்டால்? போவதற்கு ஈரம் இல்லையே. உங்கள் போனில் உள்ள படங்கள் எல்லாம் ஒடியல்தான்.

திரையைப் பாருங்கள். நோட்பேடில் ‘கிளிநொச்சி’ என்று 1,000 வரி அடித்திருக்கிறேன். யுனிகோடின் UTF-8 முறையில் அந்தச் சொல்லுக்கு 30 பைட் (பைலின் அளவைச் சொல்லும் சின்ன அலகு), வரி மாற 2 பைட், மொத்தம் 32,000 அளவில். ஸிப் செய்கிறேன்... பாருங்கள், ஒரு கேபி கூட இல்லை. ஒரு தரம் எழுதிவிட்டு, ‘முன்னுக்கு வந்ததுதான் திரும்பவும்’ என்று குறித்துக்கொண்டே போகிறது. திரும்பத் திரும்ப வருவதுதான் ஸிப்புக்குத் தீனி.

இப்போது உங்கள் படம். 12 மெகாபிக்சல் படத்தை உள்ளபடி வைத்தால், புள்ளிக்கு 3 பைட் வீதம் 36 எம்பி. போனில் அது நாலைந்து எம்பிதானே? கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கங்களை ஜேபெக் என்ற படச் சேமிப்பு முறை கழித்து, மிச்சத்தையும் இறுக்கிக் கட்டிவிட்டது. வீடியோ இன்னும் கெட்டி. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெரும்பாலும் வைத்திருக்கும். அங்கே ஸிப்புக்கு அகப்பட ஒன்றும் இல்லை. பைலின் பெயர், அளவு என்று தன் கணக்கையும் எழுதுவதால் சிலவேளை கூடவும் செய்யும். இப்போதைய வேர்ட் ஆவணமும் உள்ளுக்குள் ஸிப்தான், அதுவும் குறையாது.

“பத்துத் தரம் செய்தால் குறையும்” என்று ஒரு பொடியன் என்னோடு வாதாடினான். ஒவ்வொரு தரமும் குறையுமென்றால் கடைசியில் எந்தப் பைலும் ஒரு பைட்டில் வந்து நிற்க வேண்டும். ஒரு பைட்டில் 256 வகைதான் எழுதலாம். “உலகத்துப் படமெல்லாம் 256-க்குள்ளா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டான்.

சரி, என்ன செய்யலாம்? வீடியோவின் உயரத்தை 1080 புள்ளியில் இருந்து 720-க்கு மாற்றுங்கள். படத்தின் நீள அகலத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் கால்வாசியாகும். தரம் கொஞ்சம் போகும், போனில் பார்க்கிற அண்ணனுக்கு அது காணும். பிறகு எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்ப ஸிப் செய்யுங்கள், அதற்கு அது நல்லது. மூலப் படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள், குறைத்ததைப் பழையபடி ஆக்க முடியாது.