அரைஞாணில் ஏறிய சாவி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சாலை விபத்தைத் தடுப்பது சட்டமா, மனசாட்சியா? சட்டமே!

எதிரணித் தலைவர் சற்றுமுன் சொன்னார்: "சட்டம் போட்டால் ஹெல்மெட் தலைக்கு வராது, முழங்கைக்குத்தான் வரும்." நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, நீங்கள் வண்டி ஓட்டுகிறவரைப் பார்க்கிறீர்கள். நான் சாவி கொடுத்தவரைப் பார்க்கச் சொல்கிறேன்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவருக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி. பத்தாவது படிக்கிற மகனை வண்டியில் அனுப்பித்தான் பால் வாங்குவார். "என் பிள்ளை ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுவான்" என்று டீக்கடையில் பெருமை வேறு. மகன் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர்தான். மனசாட்சிக்கு என்ன குறை? ஒருநாள் பேப்பரில் இந்தப் பிரிவைப் படித்தார். அன்று ராத்திரியே சாவி ஆணியிலிருந்து இறங்கி அரிசி டின்னுக்குள் போனது. பையன் கண்டுபிடித்தான். சாமி படத்துக்குப் பின்னால் போனது. அதையும் கண்டுபிடித்தான். கடைசியில் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்! தூங்கினாலும் சாவி, குளித்தாலும் சாவி. "ஏங்க, பிள்ளை மேல நம்பிக்கை இல்லையா?" என்று வீட்டம்மா கேட்டார். "நம்பிக்கை இருக்குடி. ஜெயிலுக்குப் போறது நான்ல?" என்றார். பையன் இப்போது சைக்கிளில் போகிறான்.

தலைவரே, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டலாம். சாவி அப்பா இடுப்பில் இருந்தால் வண்டியே கிளம்பாது!

இன்னொன்று. அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்ற கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம். அதே திருத்தத்தின் 134ஏ பிரிவு அந்தப் பயத்தை எடுத்தது. நல்லெண்ணத்தோடு தூக்கிப் போகும்போது வழியிலேயே உயிர் பிரிந்தாலும், தூக்கியவர் மேல் வழக்கு வராது. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இன்று வீட்டுக்குப் போகிற வழியில் யாராவது விழுந்து கிடந்தால் வண்டியை நிறுத்துங்கள் அம்மா, தூக்குங்கள் ஐயா! அவனைப் பெற்றவள் சோற்றைப் போட்டு மூடிவைத்துக் காத்திருப்பாள். "இன்னும் வரலையே" என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். அவளிடம் பிள்ளையை உயிரோடு சேருங்கள். நன்றி, வணக்கம்.