மைக்காவுக்கு அடியில் ஒரு பிசிறு

வணக்கம். கோயில் திருவிழாவில் மைக்செட் ஆம்ப்ளிஃபையரின் முதுகில் வரிவரியாக நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டுக் கையை உதறியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பவர் டிரான்சிஸ்டரின் சூட்டை வெளிக்காற்றுக்குக் கடத்தும் ஹீட் சிங்க் அது. 2என்3055 போன்ற டிரான்சிஸ்டரில் உலோகக் கூடே கலெக்டராகவும், அதாவது அதன் மூன்று மின்முனைகளில் ஒன்றாகவும், இருப்பதால், அதை அப்படியே அலுமினியத்தில் முடுக்கினால் மின்சாரமும் இறங்கிவிடும். ஆகவே இடையில் வைக்கும் தகடு மின்சாரத்தை மறிக்க வேண்டும். வெப்பத்தை விட வேண்டும்.

நெடுங்காலமாக அந்த வேலையைச் செய்வது மைக்கா, அதாவது நம் காக்கைப்பொன். வெப்பத்தைக் கடத்துவதில் அது ஒன்றும் சூரன் அல்ல. ஆனால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஏடுகளாக அதை உரிக்கலாம் என்பதே அதன் பலம். அந்த ஏட்டின் இருபுறமும் வெப்பம் கடத்தும் வெள்ளைப் பசையை மெல்லப் பூச வேண்டும், மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பசையின் வேலை இடுக்கிலுள்ள காற்றை வெளியேற்றுவது மட்டுமே. பசையில்லாத மைக்காவில், கடந்து போகும் வெப்பத்தின் ஒவ்வொரு வாட்டுக்கும் டிரான்சிஸ்டரின் சூடு ஹீட் சிங்கைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். பசையிட்டால் அதில் பாதிதான். நாற்பது வாட் என்றால் இருபது டிகிரி வித்தியாசம்.

ஒருமுறை ஓர் ஆம்ப்ளிஃபையர் ஒரே டிரான்சிஸ்டர் எரிந்து மூன்று முறை என் மேசைக்குத் திரும்பி வந்தது. மைக்கா புதிது, பசையும் புதிது, குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரும் ஷார்ட் எதையும் காட்டவில்லை. மூன்றாம் முறை அந்த ஏட்டைக் கழற்றி பல்பின் முன் பிடித்தேன். ஊசிமுனையளவு வெளிச்சம் ஒழுகியது. ஹீட் சிங்கில் திருகுக்காகப் போட்ட துளையின் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத, நகத்துக்கு மட்டும் தட்டுப்பட்ட ஒரு பிசிறு, சூடேறும்போது மைக்காவைக் குத்தியிருக்கிறது. துளையிட்டவர் வேறு யாருமில்லை, நானேதான். பெரிய டிரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி அந்த விளிம்பைச் சீவிவிட்டேன்; பிறகு அது திரும்பி வரவில்லை. எனவே எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள்.

மைக்காவுக்குப் பதிலாக வைக்கும் சிலிக்கோன் ரப்பர் தகடுகளுக்குப் பசை வேண்டாம், வேலையும் சுத்தம். ஆனால் ஒருமுறை நசுங்கியதைக் கழற்றி மறுபடி பயன்படுத்தக் கூடாது. பாலிஇமைடு என்ற மஞ்சள் நிற பிளாஸ்டிக் ஏடு எளிதில் கிழியாது, ஆனால் அதற்குப் பசை தேவை.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். பீங்கான் தகடுகளைப் பற்றி ஒன்றே ஒன்று: அலுமினாவைவிட (அலுமினிய ஆக்சைடு) பெரிலியா (பெரிலியம் ஆக்சைடு) பல மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும், ஆனால் அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, பழைய கருவியில் அத்தகைய வெள்ளைத் தகடு இருக்கலாம் என்று ஐயம் வந்தால் உடைக்கவோ அரத்தால் ராவவோ வேண்டாம். வணக்கம்.